ரவுட்டிங் சில்லு: வழி வகுப்பது யார், அனுப்புவது யார்?

சென்னையில் ஒரே ஆங்கிலச் சொல்லை ஒரே வாய் இரண்டு விதமாக உச்சரிக்கும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குப் போகும் 29சி, பஸ் ரூட்டு. வீட்டில் வைஃபை தரும் பெட்டி, ரவுட்டர். "இந்த ரவுட்ல பஸ் வருமா?" என்று யாராவது கேட்டால் நிறுத்தத்தில் நிற்பவர் ஒரு நொடி விழிப்பார். பஸ்ஸோடு வந்தது பிரிட்டிஷ் உச்சரிப்பு, பெட்டியோடு வந்தது அமெரிக்க உச்சரிப்பு, அவ்வளவுதான்.

சொல்லின் வேர் லத்தீன். 'ரூப்தா' என்றால் உடைக்கப்பட்டது, பிளக்கப்பட்டது. காடு மேடுகளைப் பிளந்து போட்ட பாதைக்கு அந்தப் பெயர். பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து 'ரூட்' ஆயிற்று. இந்தப் 'பிளத்தல்' பொருளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், ரவுட்டிங் சில்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும்போது வேண்டியிருக்கும்.

ரிச்சி தெருவில் நெட்வொர்க் சாமான் விற்கும் கடைகளில் 'எல்3 ஸ்விட்ச்' (ஐபி முகவரியையும் பார்த்து அனுப்பத் தெரிந்த நெட்வொர்க் ஸ்விட்ச்) என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அதன் விவரத் தாளில் 'ஹார்ட்வேர் ரவுட்டிங்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருப்பது ஒரு சில்லு. கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் ஸ்விட்சுக்குள் உட்கார்ந்துகொண்டு, வரும் ஒவ்வொரு தரவுப் பொதியையும் (தகவலின் ஒரு சிறு துண்டு) எந்தப் போர்ட் (கம்பி செருகும் வாசல்) வழியாக வெளியே விடுவது என்று தீர்மானிக்கிற சில்லு. பொதுவேலைக்கான சிபியு இல்லை. இந்த ஒரே வேலைக்கென்று சுற்று வரைந்து செய்தது. துறையில் இருப்பவர்கள் 'ஏசிக்' என்பார்கள்.

ஸ்விட்ச் என்ற சொல்லும் வெகுதூரம் நடந்து வந்ததுதான். முதலில் அது வளையும் மெல்லிய குச்சி, பிரம்பு. பிறகு ரயில் தண்டவாளத்தில் வண்டியைத் தடம் மாற்றும் பொறி. நம் ரயில்வேயில் அதற்குப் பாயின்ட் என்று பெயர். பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் தடதடவென்று தடம் மாறுவது அதன் மேல்தான். மின்விளக்கு ஸ்விட்ச், தொலைபேசி இணைப்பக ஸ்விட்ச் எல்லாம் அதற்குப் பின் வந்தவை. நெட்வொர்க் ஸ்விட்ச் விளக்கைப் போட்டு அணைக்கும் வேலையைச் செய்வதில்லை, தடம் மாற்றுகிறது. அதனால் இதற்குச் 'சொடுக்கி', 'ஆளி' என்றெல்லாம் எழுதுவதைவிடத் 'தடமாற்றி' பொருத்தம் என்பது என் கட்சி.

சரி, சில்லு எப்படித் தீர்மானிக்கிறது? தபால்காரர்கள் இதை 1972-லிருந்து செய்துவருகிறார்கள். அஞ்சல் குறியீட்டு எண் வந்த ஆண்டு அது. மதுரையில் கடிதம் பிரிப்பவருக்கு 600 என்ற முதல் மூன்று இலக்கம் போதும், சென்னைப் பையில் போட்டுவிடலாம். கடிதம் சென்னைக்குள் வந்த பிறகுதான் 004 மயிலாப்பூர், 017 தியாகராய நகர் என்ற பிரிப்பு தேவைப்படுகிறது. இணையத்தில் ஒரு கருவி இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்ணான ஐபி முகவரியும் இப்படித்தான் முன்பகுதியை வைத்துப் பொருத்தப்படுகிறது. அட்டவணையில் '600' என்று ஒரு வரியும் '600004' என்று ஒரு வரியும் இருந்தால், நீளமாகப் பொருந்தும் வரிக்கே முதலிடம்.

வித்தியாசம் வேகத்தில். 10 கிகாபிட் போர்ட் ஒன்றில் ஆகச் சிறிய பொதிகள் இடைவிடாமல் வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரும். ஒரு பொதிக்குக் கிடைப்பது 67 நானோ நொடி. சாதாரணக் கணினியின் சிபியு தன் நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுத்துவரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். தேடி முடிப்பதற்குள் அடுத்தது கதவைத் தட்டும். இப்படி 48 போர்ட் இருந்தால் என்ன கதி?

அதனால் இந்தச் சில்லில் தேடும் முறையே வேறு. வகுப்பில் வருகைப் பதிவேட்டை ஒன்றிலிருந்து வாசித்துக்கொண்டு போனால் நேரமாகும். "மயிலாப்பூரிலிருந்து வருவது யார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் உரியவர் கையைத் தூக்குவார். டீகேம் என்ற நினைவகம் இப்படி வேலை செய்வது: அதன் எல்லா வரிகளும் ஒரே சமயத்தில் முகவரியோடு ஒப்பிடப்படும். அதில் ஒவ்வொரு இடத்திலும் 0, 1 போக மூன்றாவதாக 'எதுவானாலும் சரி' என்றும் எழுதி வைக்கலாம். 600-க்குப் பின்னால் என்ன இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல அதுதான் வழி. விலை கூடுதல், மின்சாரமும் நிறையக் குடிக்கும். விடை கிடைத்ததும் சில்லு பொதியின் ஆயுள் எண்ணில் (இன்னும் எத்தனை பெட்டிகளைத் தாண்டலாம் என்ற கணக்கு) ஒன்றைக் குறைத்து, அடுத்த பெட்டியின் மேக் முகவரியை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) ஒட்டி, வாசலுக்கு அனுப்பிவிடும்.

1990 வாக்கில் வந்த முதல் பல போர்ட் ஈதர்நெட் ஸ்விட்ச், கல்பனா என்ற சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனத்துடையது. தமிழில் கற்பனை! 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது. அந்தப் பெட்டி மேக் முகவரியை மட்டுமே பார்த்தது; ஐபி முகவரியைச் சில்லிலேயே பார்ப்பது தொண்ணூறுகளின் பிற்பாதியில் வழக்கமாகியது. 1998-இல் வந்த ஜூனிப்பர் நிறுவனத்தின் எம்40 ரவுட்டர் அதில் பேர்போனது. 2022-இல் பிராட்காம் அறிவித்த டோமஹாக் 5 என்ற ஒற்றைச் சில்லின் கொள்ளளவு நொடிக்கு 51.2 டெராபிட்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். இந்தச் சில்லு உண்மையில் ரவுட்டிங் செய்வதில்லை. எந்த ஊருக்கு எந்த வழி என்று அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு பேசி அட்டவணை தயாரிப்பதுதான் ரவுட்டிங். அதைச் செய்வது அதே பெட்டிக்குள் இருக்கும் சாதாரண சிபியு. பெரிய ரவுட்டர்களில் அதற்கு 'ரவுட் பிராசஸர்' என்றே பெயர். சில்லு செய்வது, தயாரான அட்டவணையைப் பார்த்து அனுப்புவது மட்டும். பஸ் ரூட்டைப் போக்குவரத்துக் கழக அலுவலகத்தில் யாரோ போடுகிறார்கள், ஓட்டுநர் ஓட்டுகிறார். 'ரவுட்டிங் பிராசஸர்' என்ற பெயர் சிபியு, சில்லு இரண்டுக்கும் பொதுவாகிவிட்டதால் ஆங்கிலத்தில் படிப்பவர்களே குழம்புகிறார்கள். தமிழில் சொல்லாக்கும்போது அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்வானேன்?

'ரவுட்டிங் செயலி' என்று எழுதினால் இன்னொரு வம்பு. செயலி முதலில் பிராசஸருக்கு வந்த சொல். கைபேசி ஆப் வந்ததும் பத்திரிகைகள் அதைத் தூக்கி ஆப்புக்குக் கொடுத்துவிட்டன. இன்று 'வழிகாட்டும் செயலி' என்றால் ஆட்டோக்காரர் வண்டியின் முன்னால் மாட்டியிருக்கும் மேப்ஸ்தான் யாருக்கும் நினைவுக்கு வரும். அதனால் இங்கே சில்லு என்றே வைப்போம்.

ரவுட்டருக்கு 'திசைவி' ஓரளவு நிலைத்துவிட்டது. ரவுட்டிங்குக்கு? 'ஆறு' என்றால் பழந்தமிழில் வழி; 'வரலாறு' என்பதில் இருப்பது அந்த ஆறுதான். ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். பரிசு பெற்ற பாணர் பெறாத பாணருக்கு முழு வழியையும் சொல்லி அனுப்பும் இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை இப்போது உளவியல் ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மேலும் பாணர் முழு வழியையும் புறப்படும்போதே சொல்லிவிடுவார். இணையத்தில் ஒவ்வொரு பெட்டியும் அடுத்த திருப்பத்தை மட்டும் சொல்கிறது, முட்டுச்சந்து டீக்கடைக்காரர் மாதிரி.

என் தேர்வு 'வழிவகுத்தல்'. வகுத்தல் என்றால் பிரித்தல், பிளத்தல். தலையில் எடுக்கும் வகிடு அதற்கு உறவுக்காரச் சொல். லத்தீன் ரூப்தாவின் பொருளும் அதுதானே. அட்டவணை போடும் சிபியு வழிவகுப்பி. பொதியை அனுப்பும் சில்லு வழியனுப்புச் சில்லு. சென்ட்ரலில் ரயிலேற்றிவிட வந்து நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள், அவர் தடம் போட்டவர் இல்லை. எல்3 ஸ்விட்சை 'வழியனுப்பும் தடமாற்றி' எனலாம். நீளம்தான், ரிச்சி தெருவில் எடுபடாது, பாடநூலில் எடுபடும்.

இன்னொன்றுக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. சில்லுக்கு விடை தெரியாத பொதி வந்தால் அதைச் சிபியுவிடம் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் 'பன்ட்' என்பார்கள். "மேல தள்ளிவிட்ருது சார், அதான் ஸ்லோ" என்று சொன்னால் நம் ஊரில் யாருக்கும் புரியும்.