பெருந்தொற்றில் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட்: யார் பொறுப்பு, வேலூர்க்காரர்கள் என்ன கேட்கலாம்?

கொரோனா சமயத்தில் எல்லாரும் "பெட் காலியா இருக்கா?" என்றுதான் கேட்டோம். அந்த பெட்டுக்குப் பின்னால் எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. சட்டமும் இந்த இடத்தில் கொஞ்சம் மெத்தனமாகத்தான் இருக்கிறது.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைச் சொல்கிறேன். புயல், வெள்ளத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு போட்டதும் இந்தச் சட்டத்தின்படிதான். இதன் 25ஆம் பிரிவு மாவட்டந்தோறும் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கச் சொல்கிறது. கலெக்டர் தலைவர். எஸ்.பி.யும் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரியும் பதவி வழியிலேயே உறுப்பினர்கள். மின்வாரியத்துக்கு அப்படி நேரடி இடம் கிடையாது. மாநில அரசு கூடுதலாக இரண்டு அதிகாரிகள் வரை நியமிக்கலாம். அதில் ஒருவராக வந்தால் உண்டு.

மாவட்டத்துக்கென ஒரு பேரிடர் திட்டம் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது 31ஆம் பிரிவு. அவசரத்தில் தனியார் கட்டடம், வண்டி, தேவையான மற்ற வளங்கள் எதையும் எடுத்துக்கொள்ள 65ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஜெனரேட்டரும் இதில் அடங்கும் என்றே படித்துக்கொள்ளலாம். கட்டடமோ வண்டியோ எடுத்தால் இழப்பீடு தர வேண்டும்.

2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. நோயாளிகள் அந்த எல்லைக்கோட்டைப் பார்த்து வருவதில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் பக்கத்து மாவட்டத்தினரும் வருகிறார்கள். வேலூரின் தனியார் மருத்துவமனையான சிஎம்சிக்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வங்காளம், ஜார்க்கண்டிலிருந்தே வருகிறார்கள். மாவட்ட மக்கள்தொகையை வைத்துப் போடும் கணக்கு இங்கே உதவாது.

ஊரடங்கில் மின் உற்பத்திக்குப் பஞ்சமில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைகளெல்லாம் நின்றுபோயிருந்தன. சிக்கல் வருவது ஆஸ்பத்திரி வாசலில் உள்ள டிரான்ஸ்பார்மரிலும், பின்கட்டில் உள்ள ஜெனரேட்டரிலும்தான். 2021இலிருந்து பல அரசு மருத்துவமனைகளில் பிஎஸ்ஏ ஆக்சிஜன் ஆலைகள் வந்தன. காற்றை அழுத்தி, ஜியோலைட் வழியாகச் செலுத்தி, நைட்ரஜனைப் பிரித்து ஆக்சிஜனை எடுக்கும் இயந்திரம் அது. கம்ப்ரஸருக்குக் கரண்ட் இல்லையென்றால் ஆக்சிஜனும் இல்லை. திரவ ஆக்சிஜன் தொட்டி அப்படியல்ல; வெளிக்காற்றின் சூட்டிலேயே ஆவியாகிக் குழாயில் போகும், ஆனால் லாரி வந்து நிரப்ப வேண்டும். மூன்றாவது வழி, ஜம்போ சிலிண்டர். 7,000 லிட்டர் பிடிக்கும் ஒன்று, நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஆக, மூன்றும் எந்த அளவில் இருக்கிறது, ஜெனரேட்டர் பிஎஸ்ஏ ஆலையையும் சேர்த்து இழுக்குமா, டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்பதுதான் உண்மையான திட்டம்.

தடுப்பூசிக்கு இவ்வளவு கவலை வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள பனிக்கட்டிச் சுவர் குளிர்பெட்டி, நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்ட் வந்தாலே குளிர்ச்சியைக் காக்கும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். அறைக்காற்றிலிருந்தே நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ஆக்சிஜன் தரும் செறிவூட்டி சுமார் 350 வாட் எடுக்கும். நாள் முழுக்க ஓடினால் எட்டு யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்தில் 500 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம், சரி. ஆனால் ஃபேன், ஃபிரிட்ஜ் சேர்ந்து 500ஐத் தாண்டிவிட்டால், 500க்குள் இருப்பவர்களுக்கான சலுகை விகிதம் கீழ் யூனிட்டுகளுக்கும் கிடைக்காமல் போய்விடும். அக்னி வெயிலில் வேலூரில் ஃபேனை நிறுத்தி மிச்சம் பிடிக்க யாராலும் முடியாது! பில் கட்ட முடியாமல் போனாலும், மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆம் பிரிவுப்படி, முழுதாய்ப் 15 நாள் எழுத்து அறிவிப்புத் தராமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே செய்தித்தாளில் வரும். வீட்டில் செறிவூட்டி ஓடினால் அன்றைக்கு ஒரு சிலிண்டர் கைவசம் இருக்கட்டும். திடீர் மின்தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, இருபத்துநாலு மணி நேரமும். வீட்டில் ஆக்சிஜன் நோயாளி இருக்கிறார் என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள், புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அப்புறம் மின் குறைதீர்ப்பாளர்.

ஆஸ்பத்திரிப் பக்கம் தெரிந்துகொள்ள ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போதும்; கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. மாவட்டப் பேரிடர் திட்டம் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, ஆணையத்தில் மின்வாரிய அதிகாரி இருக்கிறாரா என்று கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு. ஜெனரேட்டரின் திறன் என்ன, முழுச்சுமையில் கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதி எது என்று மருத்துவமனைக்குத் தனி மனு. பதில் 30 நாளில் வர வேண்டும். ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரம். அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.