பன்னிரண்டில் இருவர்

பாரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட் வழக்கு விடயமாக என்னிடம் வரும் குடும்பங்களில் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: "பன்னிரண்டு பேரில ஒராள் எங்கட பக்கம் நிண்டால் காணும்தானே, தம்பி?" பொதுமக்களில் இருந்து எடுத்துத் தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கும் பன்னிரண்டு பேரும், அதாவது ஜூரி, ஒருவர்கூட விலகாமல் ஒத்துப்போனால்தான் தண்டனை என்பது படம் பார்த்து வந்த நம்பிக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் காலம் 1967இலேயே முடிந்துவிட்டது. ஜூரியில் ஒருவரை மிரட்டியோ காசு கொடுத்தோ வழக்கைக் கெடுத்துவிடுகிறார்கள் என்று சொல்லி, அந்த ஆண்டு பெரும்பான்மைத் தீர்ப்பைச் சட்டமாக்கினார்கள். இப்போது பன்னிரண்டில் பத்துப் பேர் சொன்னால் போதும், குற்றவாளிதான்.

முதலில் ஒருமித்த முடிவைத்தான் நீதிபதி கேட்பார். குறைந்தது 2 மணி 10 நிமிடம் போன பிறகே பெரும்பான்மையை ஏற்கலாம். அப்படி வரும் தீர்ப்பு 'குற்றவாளி' என்றால் எத்தனைக்கு எத்தனை என்று திறந்த நீதிமன்றில் கேட்டுப் பதிவுசெய்வார்கள். 'குற்றவாளி அல்ல' என்றால் அந்தக் கேள்வியே கிடையாது.

செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்ற அன்ட்ரூ மல்கின்சனின் தீர்ப்பு 10-2 என்பது நமக்குத் தெரிவது இந்தப் பதிவினால்தான். 2003 ஜூலையில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில், சால்ஃபோர்டில் ஒரு பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். தாக்கியவனின் கன்னத்தைத் தான் ஆழமாகக் கீறியதாக அவர் சொன்னார். மறுநாள் வேலைக்குப் போன மல்கின்சனின் முகத்தில் கீறல் இல்லை. அவரைக் குற்றத்தோடு இணைக்கும் டி.என்.ஏ. சான்று எதுவும் இல்லை. வழக்கு நின்றது அந்தப் பெண்ணும் இன்னும் இரண்டு சாட்சிகளும் அடையாளம் காட்டியதில்தான். அந்த இரண்டு சாட்சிகளும் முன்பு தண்டனை பெற்றவர்கள். அதை மல்கின்சன் தரப்புக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் நகம் சேதமாகியிருந்ததைக் காட்டும் படங்கள் பொலிஸிடம் இருந்தன; அவற்றையும் கொடுக்கவில்லை. படங்களைப் பார்க்காத ஜூரியிடம், கீறியதாக அவர் தவறாக நினைத்திருக்கலாம் என்று சொல்லப்பட்டது.

2004இல் அவருக்கு ஆயுள் தண்டனை. 2007இல் அந்தப் பெண்ணின் உடையில் வேறொரு ஆணின் டி.என்.ஏ. கிடைத்தது. 2009இல் அரச வழக்குத் தொடுநர் தரப்புக்கும் அது தெரியும். இப்படிப்பட்ட வழக்குகளைத் தோண்டிப் பார்க்கவென்றே 1997இல் தொடங்கிய மறுஆய்வு ஆணையம் அவருடைய விண்ணப்பத்தை இரண்டு தடவை தள்ளியது. செய்தேன் என்று ஒத்துக்கொண்டிருந்தால் ஏழு ஆண்டு அளவில் வெளியே வர வழி இருந்தது. செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வது? 17 ஆண்டுகள் உள்ளே இருந்தார். தண்டனை ரத்தானது 2023 ஜூலையில்.

ஜூரியிடம் நீதிபதி சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: குற்றத்தைச் செய்தார் என்று நீங்கள் நிச்சயமாக நம்ப வேண்டும். பன்னிரண்டில் இருவர் அப்படி நம்பவில்லை என்பது நீதிமன்றத்துக்கே தெரிந்திருந்தும் தண்டனை கொடுக்கலாம் என்பது எனக்கு இன்றுவரை செரிக்காத விதி. மிரட்டலுக்குப் பயந்து கொண்டுவந்த சட்டம், நேர்மையாகச் சந்தேகப்படுபவரின் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

சாலி கிளார்க்கின் தீர்ப்பும் 10-2தான். செஸ்டர் கிரவுன் கோர்ட், 1999. அவரே ஒரு சொலிசிட்டர். 1996இலும் 1998இலும் திடீரென இறந்த தன் இரண்டு ஆண் குழந்தைகளையும் அவரே கொன்றார் என்பது வழக்கு. குழந்தை மருத்துவ நிபுணர் ரோய் மெடோ சாட்சிக் கூண்டில் ஒரு எண் சொன்னார்: இப்படியான குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையான தொட்டில் மரணத்தில் (காரணம் தெரியாமல் குழந்தை திடீரென இறப்பது) இறப்பது 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று. ஒரு குழந்தை அப்படி இறப்பதற்கு 8,543இல் ஒன்று என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கிக் கிடைத்தது அது. ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு. முதல் மரணத்துக்கும் இரண்டாவதுக்கும் தொடர்பே இருக்க முடியாது என்று வைத்துக்கொண்டால்தான் அப்படிப் பெருக்கலாம். அப்புறம், இரண்டு இயற்கை மரணம் அபூர்வம் என்றால், ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைக் கொல்வதும் அபூர்வம்தான். எது எதைவிட அபூர்வம் என்று ஜூரிக்கு யாரும் ஒப்பிட்டுக் காட்டவில்லை. முதல் மேன்முறையீடு தோற்றது. 2001இல் அரச புள்ளியியல் சங்கமே அந்த எண்ணைப் பகிரங்கமாகக் கண்டித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் பக்டீரியா இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவுகளை நோயியல் மருத்துவர் வெளியே விடாமல் வைத்திருந்தது தெரியவந்த பிறகு, 2003இல் விடுதலை. நான்கு ஆண்டில் இறந்துபோனார்.

இல்லாத காசுக் குறைவைக் காட்டிப் பல தபாலக நடத்துநர்களைக் குற்றவாளிகளாக்கிய தபாலகக் கணினி ஹொரைசன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவரான சீமா மிஸ்ராவை 2010இல் கில்ஃபோர்டில் குற்றவாளி என்றது ஒரு ஜூரிதான். கணினி சரியாக வேலை செய்தது என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டத் தேவையான ஆவணங்களோ வழக்குப் போட்ட தபாலகத் தரப்பின் கையில் இருந்தன.

இனி ஜூரி அறை. உள்ளே என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்வது குற்றம். தீர்ப்புக்குக் காரணமும் சொல்ல மாட்டார்கள். 1994இல் ஹோவ் நகரில் ஒரு கொலை வழக்கு. ஜூரியில் சிலர், தங்கவைக்கப்பட்ட ஹோட்டலில் இரவு கண்ணாடிக் கோப்பையை வைத்து ஆவியை வரவழைத்து, கொலையுண்டவரிடமே 'விசாரித்தார்கள்'. தீர்ப்பு ரத்தானது. காரணம், கூத்து நடந்தது ஹோட்டலில். ஜூரி அறைக்குள் நடந்திருந்தால் நீதிமன்றம் அதைக் கேட்டிருக்கவே முடியாது. (மறுவிசாரணையிலும் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது, அது வேறு.)

நம்மவர்கள் தெரிந்திருக்க வேண்டியது மிர்ஸா வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட மிர்ஸா மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு சாட்சி சொன்னார். அது ஒரு தந்திரம் என்று ஜூரியில் சிலர் பேசியதாகத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு பெண் ஜூரர் கடிதம் எழுதினார். 2004இல், அப்போது நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்தக் கடிதத்தைச் சான்றாக ஏற்க மறுத்தது. ஓரளவு ஆங்கிலம் தெரிந்த தமிழர் மொழிபெயர்ப்பாளர் கேட்கக் கூச்சப்படும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குத்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். குறுக்கு விசாரணையில் ஒரு சொல் பிசகினால் அதைத் திருத்துவது லேசில்லை.

3 ஆண்டுக்குள் தண்டனை வரக்கூடிய வழக்குகளில் ஜூரியை எடுத்துவிட்டு நீதிபதியை மட்டும் வைக்கும் திட்டத்தை 2025 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. நீதிபதி என்றால் காரணம் எழுதுவார், அது நல்லதுதான். சரி, பொலிஸ் கொடுக்காத படத்தை நீதிபதி மட்டும் எப்படிப் பார்ப்பார்?

உங்கள் வீட்டுக்கே ஜூரி அழைப்பு வரலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. இலங்கை, இந்தியக் குடியுரிமையோடு வாக்காளர் பட்டியலில் இருந்து, 13 வயதுக்குப் பிறகு இங்கே தொடர்ந்து 5 ஆண்டு வாழ்ந்திருந்தால் நீங்களும் தகுதியானவர். கடிதத்தை மூலையில் போட்டால் 1,000 பவுண் வரை அபராதம். உள்ளே ஒருவர் இனத்தை வைத்துப் பேசினாலோ, கூகுளில் தேடினாலோ, தீர்ப்புக்கு முன்பே நீதிபதிக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் நீங்கள் என்றால், பொலிஸ் திரட்டியும் வழக்கில் பயன்படுத்தப்படாத ஆவணங்களின் பட்டியலை உங்கள் சட்டத்தரணியோடு உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். அங்கே இருந்தவர் நீங்கள். எது விடுபட்டது என்று உங்களுக்குத்தான் கண்ணில் படும். தீர்ப்பு எதிராக வந்தால் மேன்முறையீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்க 28 நாள்தான். மேன்முறையீட்டுக்கு இடமுண்டா என்று, நீதிமன்றில் உங்களுக்காக வாதாடிய பாரிஸ்டரின் கருத்தை எழுத்தில் அந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.