யாகுவரிகோ: வேடமொழி

"நாளைக்கு மழை" என்று ஜப்பானியக் கதையில் ஒரு கிழட்டு விஞ்ஞானி சொன்னால், வாக்கியம் 'ஜா' என்று முடியும். சீமான் வீட்டுப் பெண் சொன்னால் 'தெசு வா', பட்டிக்காட்டான் சொன்னால் 'தா பே', சாமுராய் சொன்னால் 'தே கொசாரு'. சொன்னது யார் என்று தனியாக எழுத வேண்டியதில்லை, வாக்கியத்தின் வாலே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பேச்சுவகைக்கு 'யாகுவரிகோ' என்று பெயர். 'யாகு' என்றால் பொறுப்பு, நாடகத்தில் ஏற்கும் வேடம். 'வரி' என்றால் பங்கிடுதல் (நம் வரிக்கும் இதற்கும் உறவில்லை). 'கோ' என்றால் பேச்சு. ஒசாகா பல்கலைக்கழக மொழியியலாளர் சதோஷி கின்சுய் 2000இல் உருவாக்கிய சொல் இது. 2003இல் வந்த அவருடைய நூலால் பரவலானது. ஒரு பேச்சைக் கேட்டதும் இன்ன வயது, இன்ன தொழில், இன்ன வர்க்கம் என்று ஓர் ஆள் கண்முன் வந்து நின்றால் அது யாகுவரிகோ.

வேடிக்கை என்னவென்றால், எந்த ஜப்பானியப் பேராசிரியரும் வகுப்பில் இப்படிப் பேசுவதில்லை. தன்னை 'வாஷி' என்று சொல்லி 'ஜா' என்று முடிக்கும் அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? இன்றைய தோக்கியோ நகரின் அன்றைய பெயர் 'எதோ'. அந்நகரில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிய பேச்சு வேரூன்றியபோது இளையவர்கள் அதற்கு மாறினார்கள். வயதானவர்களும் வைத்தியர், பண்டிதர் போன்றோரும் மேற்கே கியோத்தோ, ஒசாகா பக்கத்துப் பழைய நடையை விடவில்லை. கபுகி நாடகமும் நகைச்சுவை நூல்களும் அதைப் பிடித்துக்கொண்டு மிகைப்படுத்தின. பேசிய தலைமுறை போய்விட்டது, நடை மட்டும் கதைகளில் தங்கிவிட்டது. 1952இல் ஒசாமு தெசுகா வரையத் தொடங்கிய ரோபோ சிறுவன் கதையின் ஒச்சனோமிசு பேராசிரியரும் அப்படித்தான் பேசுகிறார்.

சீமாட்டிப் பேச்சின் கதை இதைவிடச் சுவையானது. மெய்ஜி காலப் (1868–1912) பள்ளி மாணவிகளின் 'தேயோ', 'தவா' முடிவுகளை அன்றைய பெரியவர்கள் கொச்சை என்று திட்டினார்கள். இன்று கதைகளில் அதுதான் உயர்குடி நளினம்!

எல்லாமே இப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை அல்ல. யோக்கோஹாமா துறைமுகத்தில் வெளிநாட்டாரும் உள்ளூராரும் பேசிய கலப்பு மொழியின் எச்சமான 'அரு' என்ற முடிவு, பின்னாளில் கதைகளில் சீனர்களின் வாயில் திணிக்கப்பட்டது. அது கேலிதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பங்குமொழி' என்றால் பங்குச் சந்தை நினைவுக்கு வரும். 'பாத்திரமொழி' சமையலறைக்குப் போய்விடும். 'வட்டார வழக்கு' தவறு, அதை ஓர் ஊரே உண்மையில் பேசுகிறது. கூத்தில் வேடம் கட்டுவதுபோல் மொழியைக் கட்டிக்கொள்வதால் 'வேடமொழி' என்பதே என் தேர்வு. பழைய தமிழ்ப் படங்களின் சேட்டு "நம்பள், நிம்பள்" என்பாரே, அதையும் இந்தச் சொல்லுக்குள் அடக்கலாம்.

வேடமொழி கதைகளோடு நிற்பதுமில்லை. ஆங்கிலத்தில் 'நான்' ஒன்றுதான். ஜப்பானிய மொழியில் பணிவான 'வத்தாஷி', பையன்தனமான 'போக்கு', முரட்டு 'ஓரே' என்று பல. ஓட்டவீரர் உசைன் போல்ட்டின் பேட்டியை மொழிபெயர்த்த ஜப்பானியத் தொலைக்காட்சி அவர் வாயில் வைத்தது 'ஓரே'.