சாப்பாட்டு விமர்சனத்தில் நோயின் தடம்

உணவகத்தில் சாப்பிட்ட மறுநாள் வாந்தியும் பேதியும் வந்தால் பெரும்பாலோர் மருத்துவரிடம் போவதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடித்துவிட்டு, இரண்டு நாள் படுத்திருந்து எழுந்துவிடுகிறார்கள். நோய்க் கண்காணிப்போ மருத்துவமனைப் பதிவுகளையும் ஆய்வக முடிவுகளையும் நம்பியே நடக்கிறது. அதனால் ஒரே சமையலறையிலிருந்து நாற்பது பேருக்கு நோய் வந்திருந்தாலும், அவர்கள் நாற்பது வீடுகளில் தனித்தனியே படுத்திருக்கும்வரை அதை நோய்ப்பரவல் என்று யாராலும் அறிய முடியாது.

நியூயார்க் நகரில் இத்தகைய புகார்களைச் சொல்ல 311 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. 2011-இல் ஓர் உணவகத்தோடு தொடர்புடைய வயிற்றுநோய்ப் பரவலை விசாரித்துக்கொண்டிருந்த நகர சுகாதாரத் துறையினர், அங்கே சாப்பிட்டு நோயுற்ற சிலர் துறைக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல், உணவகங்களைப் பற்றி மக்கள் கருத்து எழுதும் யெல்ப் தளத்தில் எழுதியிருந்ததைக் கவனித்தார்கள். அந்தக் கவனிப்பிலிருந்து, கொலம்பியா பல்கலைக்கழகக் கணினியியலாளர்களுடனும் யெல்ப் நிறுவனத்துடனும் சேர்ந்த ஒரு முன்னோடித் திட்டம் பிறந்தது. 2012 ஜூலை முதல் 2013 மார்ச் வரையிலான ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2,94,000 விமர்சனங்கள் மென்பொருள் ஒன்றின் வழியே சலிக்கப்பட்டன.

சலிப்பது என்றால் ‘வாந்தி’ என்ற சொல்லைத் தேடுவது மட்டும்தானா என்று கேட்கலாம். அது போதாது என்பதை நம் மொழியைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கியதைப் பார்த்து ‘வயிறு எரிகிறது’ என்பவருக்கு வயிற்றில் நோய் எதுவும் இல்லை. தேர்வு முடிவு வரும் நாளில் ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்பவரும் அப்படியே. ஆங்கிலத்திலும் நோயைக் குறிக்கும் சொற்கள் வெறுப்புக்கும், கொச்சை வழக்கில் பாராட்டுக்கும்கூடப் பயன்படுகின்றன. எனவே இத்தகைய மென்பொருளுக்கு மனிதர்கள் முதலில் ஒரு தொகுதி விமர்சனங்களைப் படித்து, ‘இது நோயைச் சொல்கிறது’, ‘இது சொல்லவில்லை’ என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். எந்தச் சொற்கள், எந்தச் சொற்சேர்க்கைகள் எந்தப் பக்கம் மிகுதியாக வருகின்றன என்பதைக் கணினி அதிலிருந்து கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுக்கிறது. புதிய விமர்சனம் வரும்போது அதிலுள்ள எடைகளைக் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் எடுத்து வைக்கிறது. வரம்பைத் தாழ்த்தினால் வேண்டாதவை குவியும். உயர்த்தினால் உண்மையான நோயாளிகள் நழுவிப்போவார்கள். எங்கே நிறுத்துவது என்பதை, எடுத்து வைத்தவற்றைப் படிக்க எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மென்பொருள் எடுத்து வைத்தவை 893. அவற்றைத் தொற்றுநோயியல் நிபுணர் ஒருவர் படித்தபோது 499 விமர்சனங்கள்தாம் உணவால் வந்த நோயோடு பொருந்தின. விமர்சனம் எழுதுவதற்கு முந்தைய நான்கு வாரங்களுக்குள் நோய் வந்ததாகவோ, காலமே குறிப்பிடாமலோ சொன்னவை 468. இந்த 468-இல் வெறும் 3 சதவீதம் மட்டுமே துறைக்கு நேரடியாகப் புகாராக வந்திருந்தது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற எண் இதுதான்.

அடுத்த சல்லடைதான் நுட்பமானது. வயிறு கெட்டால் கடைசியாகச் சாப்பிட்ட உணவின்மீது பழி போடுவது மனித இயல்பு. ஆனால் வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரமாகும். உணவின் வழியே நோய் தரும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா சில மணி நேரத்திலிருந்து பல நாள்வரை எடுத்துக்கொள்ளும். ‘சாப்பிட்டு அரை மணியில் வாந்தி’ என்று ஒருவர் எழுதினால், குற்றவாளி முந்தின நாள் சாப்பாடாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு பேராவது நோயுற்றதாகச் சொன்னவற்றுக்கும், சாப்பிட்டுப் பத்து மணி நேரமாவது கழித்து நோய் தொடங்கியதாகச் சொன்னவற்றுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. இப்படி 129 விமர்சனங்கள் தேறின. அவற்றை எழுதியவர்களுக்கு யெல்ப் வழியாகவே தனிச்செய்தி அனுப்பப்பட்டது. தொலைபேசியில் பேட்டி கண்டது 27 பேரை. மூன்று நாள் என்னென்ன சாப்பிட்டார்கள், உடன் சாப்பிட்டவர்களில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

அந்த 27 உரையாடல்களிலிருந்து, யாரும் அதுவரை அறியாத மூன்று நோய்ப்பரவல்கள் வெளிப்பட்டன. 16 பேர் நோயுற்றிருந்தார்கள். ஓரிடத்தில் சாலட், இன்னோரிடத்தில் இறாலும் சிங்கி இறாலும் அடைத்த பாஸ்தா, மற்றோரிடத்தில் பாலாடைக்கட்டி மக்ரோனி நிரப்பிய ஸ்பிரிங் ரோல் ஆகியவற்றின்மீது சந்தேகம் விழுந்தது. மூன்று உணவகங்களையும் ஆய்வு செய்தபோது, உணவைக் கையாள்வதில் பல விதிமீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

இணையத் தரவை வைத்து நோயைக் கணிக்க முயன்ற வேறொரு திட்டத்தோடு இதை ஒப்பிடுவது நல்லது. 2008-இல் தொடங்கிய கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், மக்கள் தேடிய சொற்களின் எண்ணிக்கையிலிருந்தே ஃப்ளூ காய்ச்சல் எந்த அளவு பரவியிருக்கிறது என்று கணித்தது. 2013-இன் தொடக்கத்தில் அதன் மதிப்பீடு அமெரிக்க அரசின் கணக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக வந்தது. 2015-இல் அது நிறுத்தப்பட்டது. அங்கே எண்ணிக்கைக்குப் பின்னாலிருந்த மனிதரை அழைத்து, ‘உங்களுக்குக் காய்ச்சலா, அல்லது செய்தியைப் பார்த்துத் தேடினீர்களா?’ என்று கேட்க வழியில்லை. நியூயார்க்கில் அந்த வழி இருந்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் பழக்கிய மென்பொருளுக்கு ஸ்பானிஷிலோ சீனத்திலோ பேசி வாழும் குடும்பங்களின் நோய் கேட்காது. விமர்சனம் எழுதும் வழக்கமே இல்லாத ஏழை வாடிக்கையாளரின் நோயும் கேட்காது. இது சிறிய குறையன்று.

சிகாகோவில் 2013 மார்ச்சில் தொடங்கிய திட்டம் ட்விட்டரைப் படித்தது. பத்து மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அந்த நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 2,241 ‘ஃபுட் பாய்சன்’ பதிவுகள் கிடைத்தன. எழுதியவர்களுக்குப் புகார்ப் படிவத்தின் இணைப்பு பதிலாக அனுப்பப்பட்டது. அதன் வழியாக வந்த புகார்களின் பேரில் 133 உணவகங்கள் ஆய்வு செய்யப்பட்டன, அவற்றில் 20.3 சதவீதத்தில் கடுமையான விதிமீறல் இருந்தது. வேறு புகார்களின் பேரில் நடந்த ஆய்வுகளில் அது 16.4 சதவீதம். வேறுபாடு பெரிதில்லைதான். ஆனால் அந்த 2,241 பதிவுகளில், உண்மையாகவே நோயுற்றதைச் சொன்னவை என்று பிரித்தெடுத்த 270-இல், மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போனதாகக் குறிப்பிட்டவை எட்டு மட்டுமே.