கார்பன் ஃப்ரேம் வாங்கினீர்களா? தராசை அப்புறம் எடுக்கலாம்

போன மாதம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி பெரிய அட்டைப்பெட்டியோடு தாப்பாவில் என் சைக்கிள் கடைக்கு வந்தார். உள்ளே இணையத்தில் வாங்கிய புது பிராண்டு கார்பன் ஃப்ரேம். பெட்டியைப் பிரிப்பதற்குள்ளேயே, “அண்ணே, 720 கிராம்தானாம், நிறுத்துப் பாருங்க” என்றார். 835 காட்டியது. முகம் வாடிப்போச்சு.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. விளம்பர எடை பெரும்பாலும் நடுத்தர அளவு ஃப்ரேமைப் பெயிண்ட் அடிக்காமல், திருகு, ஹெங்கர் (பின்கியரைப் பூட்டும் சின்ன உலோகத் துண்டு) எதுவும் சேர்க்காமல் நிறுத்தது. இவருடையது பெரிய அளவு. ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், இங்கிருந்து கேமரன் மலைக்கு மூன்று மணி நேரம் மிதிக்கிறவருக்கு 100 கிராம் குறைவதால் மிச்சமாவது அதிகம் போனால் 13 விநாடி.

18 வருடமாகச் சைக்கிள் பழுதுபார்க்கிறேன். கார்பன் ஃப்ரேம் கைக்கு வந்தால் முதலில் துளைகளைத்தான் பார்ப்பேன்: பெடல் அச்சு சுழலும் பேரிங் உட்காரும் இடம், சீட்போஸ்ட் இறங்கும் இடம், ஹெங்கர் பூட்டும் இடம். குழாயைப் பளபளப்பாக்குவது சுலபம், இந்த இடங்களைச் சரியாகச் செய்வதுதான் கஷ்டம். அவருடையது பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பி.எஃப்.86 வகை, துளை 41 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். துளையின் விட்டத்தை அளக்கும் காலிப்பரை நாலு திசையிலும், விளிம்பிலும் கொஞ்சம் உள்ளேயும் வைத்து அளந்தேன். இடது பக்கம் ஒரு திசையில் 40.9, குறுக்கே 41.1. வட்டமாகவே இல்லை. இப்படி இருந்தால் பேரிங் சீக்கிரம் கெடும், மிதிக்க மிதிக்க கிறீச் கிறீச் என்று சத்தம் வரும், கிரீஸ் பூசினால் இரண்டு நாள் அடங்கி மறுபடியும் ஆரம்பிக்கும். இனி வாங்குகிறவர்கள் முடிந்தால் மரை வைத்த பி.எஸ்.ஏ. அல்லது டி47 வகையைத் தேடுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், நம்ம ஊர் மழைக்கு அது அவசியம்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்பக்கம் சக்கரம் பூட்டும் இடத்தில் கட்டி, முன்குழாயைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து, சீட்போஸ்ட் இறங்கும் நடுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் ஒன்றாக வர வேண்டும். இவருக்கு வந்தது.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் மட்டும் நான் அவசரப்படவே மாட்டேன். ஃப்ரேம் விரிசல் விட்டால் சில நேரம் சத்தம் போட்டு எச்சரிக்கும், ஆனால் 1,400 மீட்டர் உயரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும்போது, அதுவும் லோரிகள் பெயர்த்துவிட்ட குழியில் முன்சக்கரம் விழும்போது ஃபோர்க் முறிந்தால் ஆள் முகம் குப்புற விழுவார். கைப்பேசியில் மாட்டும் குட்டிக் கேமராவைக் குழாய்க்குள் விட்டு, மேல்தண்டு இரண்டு காலாகப் பிரியும் இடத்தில் கார்பன் நார் மடிந்திருக்கிறதா, பள்ளம் தெரிகிறதா என்று பார்ப்பேன். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் பிடிக்கும் இடத்துக்கு உள்ளே விரியும் பிளக் கட்டாயம் இருக்க வேண்டும். அலுமினியத் தண்டுக்கு அடிக்கும் நட்சத்திர நட்டை இதில் அடிக்கவே கூடாது, உள்சுவரைக் கீறிவிடும்.

“டி1000 கார்பன் அண்ணே” என்றும் சொன்னார். அது நாரின் ரகம். தோரே நிறுவனத்தின் டி800, டி1000 இரண்டுக்கும் விறைப்பு ஒன்றுதான், 294 கிகாபாஸ்கல், இழுவலிமைதான் கூடுகிறது. எந்தத் திசையில் எத்தனை அடுக்கு வைத்தார்கள் என்பதில்தான் ஃப்ரேம் நிற்கும். உலகச் சைக்கிள் பந்தயச் சங்கமான யு.சி.ஐ.யின் ஒட்டுத்தாளும் பந்தய விதிக்குப் பொருந்துகிறது என்றுதான் சொல்கிறது, பலத்துக்குச் சான்று அல்ல.

பலத்துக்கு, சைக்கிள் பாதுகாப்புக்கான அனைத்துலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210 சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் உள்ள பல சோதனைகளில் ஒன்றில், பெடலில் விழும் பாரத்தை 100,000 தடவை கொடுத்துப் பார்ப்பார்கள். அறிக்கையில் ஆய்வகத்தின் பெயரும் உங்கள் மாடலின் பெயரும் இருக்க வேண்டும். வேறு மாடலின் அறிக்கையை அனுப்பினால் ஏற்காதீர்கள்.

தம்பி அன்றைக்கே விற்றவருக்கு எழுதினார்: துளை அளந்த படம், சோதனை அறிக்கை வேண்டும் என்ற கேள்வி, கூடவே உபரி ஹெங்கர் இரண்டு. ஹெங்கர் அந்த ஃப்ரேமுக்கு மட்டுமே பொருந்தும் வடிவம், ஒருமுறை விழுந்து வளைந்தால் ஈப்போவிலும் கிடைக்காது. நான்கு நாளில் ஹெங்கருக்கு விலை மட்டும் வந்தது. துளைக்கும் அறிக்கைக்கும் பதில் இல்லை. பேரிங் ஏற்றாமல் ஃப்ரேமைத் திரும்பப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டேன், பொருத்திவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.