7,000-இல் முட்டி நிற்கும் முள்

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மாமாவிடமிருந்து கைக்கு வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் பைக் சார். 400 சிசி, நாலு சிலிண்டர், 90களின் மாடல். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரில் சிவப்புக் கோடே 14,000-க்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் 7,000-க்கு மேல் முள் ஏற மாட்டேன் என்கிறது. மெக்கானிக் 'சிடிஐ பாக்ஸ் போச்சு' என்கிறார். அம்மா 'திருஷ்டி' என்கிறார். எது சரி?" வண்டியின் பேப்பர் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் அம்மாவுக்கு. ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்துப் பொரி சாப்பிடுகிற ஆள்தான் நானும். ஆனால் தினமும் 7,000 என்று ஒரே இடத்தில் வந்து நிற்கும் திருஷ்டியை நம்ப முடியவில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும். எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்துவிடலாம்.

மெக்கானிக் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. சிடிஐ பாக்ஸ் என்பது பிளக்கில் ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டி. 12,000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 12,000 சுற்று, அதாவது நொடிக்கு 200 சுற்று. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்பிரிங்கால் அதைச் சமயத்துக்கு மூட முடியாது, பிஸ்டன் வந்து வால்வில் இடித்துவிடும். அதனால் எல்லை வந்ததும் பாக்ஸ் ஸ்பார்க்கை வெட்டும். இது போக, ஜப்பானிலேயே விற்ற பைக்குகளில் 180 கிலோமீட்டர் வேகத்தில் வெட்டும் ஏற்பாடும் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்த எல்லையை யாரும் தொடப் போவதில்லை. பாக்ஸ் வெட்டினால் 'டட்டட்டட்' என்று கூர்மையாக உதறும். இவர் அனுப்பிய வீடியோவில் அந்த உதறலே இல்லை. ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கியதும் சத்தம் கனத்து, 'உம்ம்ம்' என்று அப்படியே தேங்குகிறது. இது மூச்சுத் திணறல். புது இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் கியர் பொசிஷன் சென்சார், எக்ஸாஸ்ட் வால்வு மோட்டார் என்று வேறு இடத்தில் தேடச் சொல்லியிருப்பேன். பெட்ரோல் ஃபில்டர், டேங்க் மூடியின் காற்றுத் துளை, பிளக் எல்லாம் பார்த்தாயிற்றாம். மிச்சம் இருப்பது காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். அதுவும் வேக்யூம் ஸ்லைடு வகை. உள்ளூர்ப் பல்சரிலும் இந்த வகை இருந்ததுண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்த இயந்திரம் இது. நாம் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது திறப்பது ஒரு வட்டத் தகடு மட்டுமே. அதற்கு முன்னால், காற்று வரும் தொண்டையை மறித்துக்கொண்டு, மேலும் கீழும் நகரக்கூடிய ஒரு ஸ்லைடு தொங்குகிறது. அதோடு நம் கேபிளுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஸ்லைடின் அடியில் இருக்கும் இடுக்கில் காற்று விரைந்து ஓடுகிறது. ஓட்டம் கூடினால் அழுத்தம் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பெர்னூலி இங்கே வருகிறார். அந்தக் குறைந்த அழுத்தம், ஸ்லைடின் அடியில் உள்ள சிறு துளை வழியாக மேலே உள்ள அறைக்குப் போகிறது. அறையின் தரை ஒரு ரப்பர் டயாஃப்ரம், பலூன் மாதிரி மெல்லியது. ரப்பருக்குக் கீழே சாதாரண வெளிக்காற்றின் அழுத்தம். மேலே குறைவு, கீழே அதிகம்; ஸ்லைடு தானாக எழும்புகிறது.

எவ்வளவு விசை? டயாஃப்ரம் 5 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால் பரப்பு ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே 200 கிராம் தூக்கும் பலம் கிடைக்கிறது. ஸ்லைடு எழும்பினால் இடுக்கு அகலமாகும், காற்றின் வேகம் தணியும், ஸ்லைடு அங்கேயே நிற்கும். அதோடு ஒட்டிய ஊசியும் உயர்ந்து, அந்தக் காற்றுக்கு வேண்டிய பெட்ரோலை விடும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. நாம் கேட்கலாம், எவ்வளவு கொடுப்பது என்பதை எஞ்சினின் மூச்சுதான் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே எஸ்.யு. கார்புரேட்டரில் இதைச் செய்தபோது, ரப்பருக்குப் பதில் தோல் துருத்தி வைத்தார்கள். அவர்கள் குடும்பத் தொழில் காலணி!

அந்த ரப்பரில் குண்டூசி அளவு ஓட்டை விழுந்தால்? மேல் அறையில் அழுத்தம் போதுமான அளவுக்குக் குறையாது. ஸ்லைடு பாதியில் நின்றுவிடும். தகடு முழுக்கத் திறந்திருந்தாலும் தொண்டை பாதி அடைத்தபடி. சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் நாலு கார்புரேட்டரில் இரண்டின் ரப்பர் கிழிந்திருந்தால் வண்டி 7,000-இல் தேங்குவதில் ஆச்சரியமே இல்லை.

முப்பது வருஷ ரப்பர், எஞ்சின் சூடு, கூடவே இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல். எத்தனாலை நினைத்துச் செய்யப்படாத பழைய ரப்பரை அது உப்ப வைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களை பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான அரசு நிறுவனமான கிண்டி சிப்பெட் போன்ற இடத்தில் வரிசையாகச் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கலாம். ராக்கெட்டுக்குக் கொடுப்பதில் ஒரு துளி போதும்.

சோதிப்பது எளிது. ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸைக் கழற்றி, ஸ்லைடை விரலால் முழுக்க மேலே தள்ளுங்கள். கார்புரேட்டர் வாயின் விளிம்பில், டயாஃப்ரத்தின் அடிப்பக்கம் போகும் சிறு துளை இருக்கும். அதை இன்னொரு விரலால் அடைத்துவிட்டு ஸ்லைடை விடுங்கள். ரப்பர் நன்றாக இருந்தால் மேலேயே தொங்கும். பொத்தென்று விழுந்தால் ஓட்டை. ஓட்டை இல்லாமலும் ஸ்லைடு சிக்கலாம்: காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் நிறுத்திவைத்த வண்டியில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும். சத்தத்துக்காக ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டுத் தனித்தனி ஃபில்டர் மாட்டியிருந்தாலும் அந்தச் சிறு துளைக்குப் போகும் காற்று குழம்பும். எனக்கு அந்த ஃபேஷன் பிடிக்காது.

பசை போட்டு ஒட்டியது நிற்காது, புது டயாஃப்ரம்தான் போட வேண்டும். கார்ப் கிளீனர் ஸ்பிரேயை ரப்பர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், உப்பிவிடும். மூடியைப் போடும்போது ஸ்லைடைக் கீழிருந்து விரலால் பாதி தூக்கிப் பிடியுங்கள். ரப்பர் தளர்ந்து, விளிம்பு மடங்காமல் பள்ளத்தில் உட்காரும்.