டெலிமிட்டர்: தமிழில் வரம்புக்குறி

கோத்தகிரியில் ஒரு இலை ஏஜென்ட்டிடம் கணக்கு எழுதுகிறேன். உறுப்பினர் எண், ஊர், பச்சைத் தேயிலையின் எடை என்று தினமும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும், அதை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸோடு லிங்க் செய்து வைத்திருக்கிறோம். ஒருநாள் திறந்து பார்த்தால் எடை இருக்கவேண்டிய கட்டத்தில் '#Num!' என்று பிழை நிற்கிறது. ஃபைலை நோட்பேடில் திறந்தேன்.

117,சோலூர்மட்டம், கோத்தகிரி,42

ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு கமா! அங்கே ஊர் முடிந்துவிட்டது என்று ஆக்சஸ் எடுத்துக்கொண்டது. எண் வரவேண்டிய கட்டத்தில் 'கோத்தகிரி' போய் உட்கார்ந்தது, 42 கிலோ கணக்கிலேயே இல்லை. அது ஒருவர் குனிந்து நிமிர்ந்து பறித்த இலை. இம்போர்ட் செய்திருந்தால், அதாவது ஃபைலில் உள்ளதை ஆக்சஸுக்குள்ளேயே நகலெடுத்திருந்தால், பிழைகளைத் தனி டேபிளில் எழுதிக் கொடுத்திருக்கும், லிங்க்கில் அந்த வசதி கிடையாது, நாம்தான் கண்ணால் தேட வேண்டும்.

ஒரு கட்டத்தின் எல்லையைக் காட்டும் குறிக்குப் பெயர்தான் டெலிமிட்டர், எங்கள் ஃபைலில் அன்று அது கமா. லத்தீனில் 'லிமெஸ்' என்றால் இரண்டு நிலங்களுக்கு நடுவே விடும் பாதை, எல்லை. அதிலிருந்து எல்லை வகுப்பதைச் சொல்லும் 'டெலிமிட்டாரே' வந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 'லிமிட்' என்பதும் இதே வேர்தான். நம் 'வரம்பு'ம் அப்படித்தான், வயல் வரப்பையும் சொல்லும், எல்லையையும் சொல்லும். கேத்தி பக்கம் கேரட் தோட்டத்து வரப்பில் நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பலரும் 'பிரிப்பான்' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. கமா இரண்டு கட்டங்களைப் பிரிக்கிறது, சரி. இதைப் பாருங்கள்:

117,"சோலூர்மட்டம், கோத்தகிரி",42

இந்த இரட்டை மேற்கோள் எதையும் பிரிக்கவில்லை, ஊர்ப் பெயரைச் சுற்றி வரப்பு கட்டுகிறது, உள்ளே இருக்கும் கமா வெறும் எழுத்தாகிவிடுகிறது. இதுவும் டெலிமிட்டர்தான். ஆக்சஸ் இதைத் தனியாக 'டெக்ஸ்ட் குவாலிஃபயர்' என்கிறது. லிங்க் செய்யும்போது அந்த இடத்தில் இரட்டை மேற்கோளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் ஃபைல் சரியாக இருந்தும் பழைய பிழைதான் வரும். இரண்டு வேலைக்கும் பொருந்துவதால் 'வரம்புக்குறி' என்பதே சரியான சொல் என்பேன்.

எடையை 1,250 என்று கமா போட்டு எழுதினாலும் இதே கதைதான், அது 1 என்றும் 250 என்றும் உடையும். அதனால் எங்கள் ஃபைலில் இப்போது வரம்புக்குறி கமா அல்ல, கீபோர்டில் இருக்கும் டேப். ஊர்ப் பெயருக்கு நடுவில் யாரும் டேப் அடிப்பதில்லை.